பாப்பர் வீச எந்த ராடு, எத்தனை நம்பர் நூல்?

தூண்டில்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பெரிய மீனுக்குப் பாப்பிங் பண்ணணும். பிஇ 8 எடுக்கவா, பிஇ 5 போதுமா?" பாப்பிங் என்றால் பாப்பரை, அதாவது தண்ணீர் மேல் சத்தத்தோடு தெறிக்கும் போலி இரையை, வீசி இழுப்பது. பிஇ என்பது நூலின் நம்பர். கேட்கிறவர் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். அந்தமானிலோ மாலத்தீவிலோ ஒருவர் முப்பது நாற்பது கிலோ ஜிடியை (ராட்சதப் பாரை மீனை) மடியில் கிடத்திக்கொண்டு சிரிக்கும் படம். பதில் சொல்கிறவர் மனதிலும் அதே படம்தான். "எட்டுக்குக் கீழே போகாதே" என்று சொல்லிவிடுவார். சென்னைக்கு அருகே கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் ஞாயிற்றுக்கிழமை காலை கட்டாவும் வஞ்சிரமும் தேடிப் போகிற மனிதர், அதை நம்பி ஒன்றேகால் கிலோ செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீசிக்கொண்டே இருப்பார். வெயில் ஏறுவதற்குள் தோள் கழன்றுவிடும். மீதி நேரம் பாப்பர் படகிலேயே கிடக்கும்.

மீனின் எடையை வைத்து நூலைத் தேர்ந்தெடுப்பது தலைகீழான வழி என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது மீனுக்குக் கீழே என்ன இருக்கிறது, அதை எவ்வளவு தூரம் ஓட விடலாம் என்பதை. அடுத்தது, வீசப்போகும் பாப்பரின் எடை. மூன்றாவதாக, உங்கள் இடுப்பும் தோளும் எத்தனை கிலோ டிராக்கை (மீன் இழுக்கும்போது நூல் கழலாமல் ரீல் தரும் தடையை) தாங்கும் என்பது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் நம்பர் தானாக வந்து நிற்கும். மீனின் எடை அதற்கு அப்புறம்தான்.

நம்பர் என்பது என்ன

பிஇ எண்ணை வலிமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். உண்மையில் அது நூலின் கனத்தைச் சொல்லும் ஜப்பானிய அளவு. பிஇ 1 என்றால் 200 டெனியர். அந்த நூலை 9,000 மீட்டர் எடுத்து நிறுத்தால் 200 கிராம் இருக்கும். பிஇ 5 என்பது 1,000 டெனியர், பிஇ 8 என்பது 1,600. விட்டத்தில் பார்த்தால் பிஇ 3 சுமார் 0.285 மிமீ, பிஇ 5 சுமார் 0.37, பிஇ 8 சுமார் 0.47. ஐந்தையும் எட்டையும் விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் எட்டுக்குள் 60 சதவீதம் கூடுதல் இழை இருக்கிறது.

இதில் உடனடியாக உதவும் ஒரு கணக்கு உண்டு. பிஇ 5 நூல் 300 மீட்டர் பிடிக்கும் ஸ்பூலில் பிஇ 8 எவ்வளவு போகும்? 300-ஐ 5-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 187 மீட்டர் வருகிறது. கடைக்காரர் "ரெண்டும் போகும் சார்" என்று சொல்வது பொய்யில்லை. எத்தனை மீட்டர் போகும் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

வலிமை என்பது தயாரிப்பைப் பொறுத்தது. நல்ல ஜப்பானிய எட்டு இழை நூல் என்றால் பிஇ 3 ஏறக்குறைய 50 பவுண்டு, பிஇ 5 ஏறக்குறைய 80, பிஇ 8 ஏறக்குறைய 110 என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பெட்டிகளில் பிஇ எண் இருக்காது, பவுண்டு மட்டும் இருக்கும். அங்கே 80 பவுண்டு என்று போட்ட நூல் பருமனில் பிஇ 6-ஐத் தாண்டி நிற்கும். ஆகவே "80 பவுண்டுதானே, பிஇ 5 மாதிரிதான்" என்று வாங்கினால் ரீலில் எதிர்பார்த்த நீளம் ஏறாது, வீச்சும் குறையும். மலிவு நூல்களில் இன்னொரு தொல்லை: பெட்டியில் பிஇ 4 என்று இருக்கும், கையில் எடுத்தால் ஆறின் தடிமன். பவுண்டு நிஜமாகவே வருகிறது, பருமனைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ராடின் மேல் எழுதியிருக்கும் பிஇ எண்ணையும் இதே போலப் படிக்க வேண்டும். அந்த ராடு எந்தப் பருமன் நூலுக்கும் எவ்வளவு டிராக்குக்கும் வடிவமைக்கப்பட்டது என்பதன் குறிப்பு அது. பிஇ 8 ராடில் பிஇ 5 நூலைப் போட்டால் எதுவும் உடையாது. நூலின் எல்லைக்குள் டிராக் வைத்தால் ராடு பாதிதான் வளையும், அறுபது கிராம் பாப்பரை அது உணரவே உணராது.

சென்னையின் மணலும் அந்தமானின் பாரும்

சென்னைக்கு எதிரே கடலின் அடித்தரை பெரும்பாலும் மணலும் சேறும். நடுவே அங்கங்கே பார் (கடலடிப் பாறைத் திட்டு), மூழ்கிக் கிடக்கும் கப்பல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போட்ட செயற்கைப் பவளத்திட்டு, எண்ணூரிலிருந்து காசிமேடு வரை துறைமுகங்களின் கல் அணைகள். இந்த இடங்களை விட்டு விலகிவிட்டால், மாட்டிய மீனுக்கு ஒளிய இடமே கிடையாது. ஓடும், களைக்கும், திரும்பும். ரீலில் நூல் இருக்கும் வரை நமக்குக் கவலையில்லை.

இதற்குச் சரியான சாட்சி மயில் மீன். முப்பது கிலோவைத் தாண்டும் மயில் மீனைத் திறந்த கடலில் பிஇ 3 நூலில் படகுக்குக் கொண்டுவர முடியும். அது குதிக்கும், ஒரே மூச்சில் நூறு மீட்டருக்கு மேல் ஓடும், ஆனால் நேரே கீழே போய்ப் பாறைக்குள் புகுந்துகொள்ளாது. பவள விளிம்பில் மாட்டிய இருபது கிலோ ஜிடி வேறு சாதி. பாப்பரை அடித்த அடுத்த நொடியே தலையைக் கீழே திருப்பும். அதற்குத் தேவைப்படுவது பதினைந்து இருபது மீட்டர் ஓட்டம்தான். அதற்குள் நிறுத்தாவிட்டால் நூல் பவளத்தில் உரசும், உரசினால் போயிற்று. எடையில் சிறிய இந்த மீனுக்குத்தான் கனமான நூல் தேவைப்படுகிறது. ஜிடியில் உலகச் சாதனை 2006-இல் ஜப்பானின் டோக்காரா தீவுகளில் பிடிபட்ட 72.8 கிலோ மீன். அந்த அளவை நினைத்துத்தான் பிஇ 10, 12 எல்லாம் கடைக்கு வருகின்றன. நம்மில் யாருக்கும் அது அன்றாடத் தேவை இல்லை.

"தடித்த நூல் பவளத்தைத் தாங்கும்" என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முறுக்கேறி நிற்கும் பிரெய்டு நூல் (பல இழைகளைப் பின்னிய பிஇ நூல்), எட்டானாலும் பத்தானாலும், பவளத்தில் பட்டால் அறுந்துவிடும். உரசலைக் கொஞ்சமாவது தாங்குவது, அதன் முன்னால் கட்டும் தடித்த ஒற்றை நரம்பான லீடர்தான். பிஇ 8 தருகிற நன்மை வேறு: டிராக்கை ஏற்றிவைத்து மீனைப் பவளம் வரை போகவிடாமல் நிறுத்தலாம்.

பிஇ 8: யாருக்கு, எதற்கு

நூலின் வலிமையில் நாலில் ஒரு பங்கை டிராக்காக வைப்பது பாதுகாப்பான கணக்கு. முடிச்சில் கொஞ்சம் போகும், வெயிலிலும் உப்பிலும் தேய்ந்து கொஞ்சம் போகும், மீன் அடிக்கும் அதிர்ச்சிக்கும் இடம் வேண்டும். இந்தக் கணக்கில் பிஇ 8-இல் 12 கிலோ, பிஇ 5-இல் 9 கிலோ, பிஇ 3-இல் ஐந்தரை கிலோ. அனுபவசாலிகள் மூன்றில் ஒரு பங்கு வரை ஏற்றுவார்கள்.

இந்தப் பன்னிரண்டு கிலோ உடம்பில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். எட்டடி ராடு 2.4 மீட்டர். வளைந்து நிற்கையில் நுனி, அடிக்கட்டையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிக்கட்டை இடுப்புப் பட்டையில் ஊன்றியிருக்கிறது, முன் கை அதற்கு அரை மீட்டர் மேலே பிடித்திருக்கிறது. நெம்புகோல் கணக்கில் முன் கைக்கு வருவது டிராக்கைப் போல மூன்று மடங்கு. 10 கிலோ டிராக் என்றாலே 30 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைவிட அதிகமான ஒன்றை, ஆடுகிற படகில் நின்றுகொண்டு, ஒரு கையால் தடுத்து நிறுத்துவது அது. ராடை நிமிர்த்திப் பிடிக்காமல் மீனை நோக்கித் தாழ்த்திப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். கோணம் குறைந்தால் நெம்புகோலும் குறுகும். மீனுக்கு எதிராக வீரமாக ராடைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அடுத்த நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே முதல் தடவை பாப்பிங் போகிறவருக்கு ஆறேழு கிலோ டிராக்குக்கு மேல் நடைமுறையில் பயன்படாது. ஏழு கிலோவுக்குப் பிஇ 5 தாராளம். எட்டின் கூடுதல் வலிமைக்கு அவர் விலை கொடுக்கிறார், எடை சுமக்கிறார், ஆனால் அதை உபயோகிக்கவே மாட்டார்.

சரி, பிஇ 8 எப்போது வேண்டும்? 120 முதல் 180 கிராம் வரையிலான பெரிய வாய்க் குழிப் பாப்பர்களை நாள் முழுக்க வீச வேண்டும் என்றால் வேண்டும். ஆழத்திலிருந்து ஜிடியை மேலே வரவழைக்க அந்தச் சத்தம் தேவைப்படுகிறது. அந்த எடையை மெல்லிய நூலில் முழுப் பலத்தோடு வீசினால், நூலில் சின்னச் சுருக்கு விழுந்தாலே அறுந்து பாப்பர் மட்டும் பறந்துபோகும். இரண்டாவது, பவள விளிம்பை ஒட்டி ஆழம் குறைந்த இடத்தில் வீச வேண்டும் என்றால் வேண்டும். அந்தமான், மாலத்தீவு, லட்சத்தீவு மூன்றிலும் இதுதான் நிலைமை.

இன்னொரு செலவையும் சேர்த்துப் பாருங்கள். பிஇ 8-க்கு ஏறினால் அதோடு எல்லாமே ஏறுகிறது. ரீல் 18000 அளவுக்குப் போகும். பெரிய கம்பெனிகளின் மேல்தட்டு ரீல் என்றால் எடை 850 முதல் 900 கிராம், விலை லட்சம் ரூபாயை ஒட்டி நிற்கும். லீடர் 150 முதல் 200 பவுண்டு. சாதாரண மூன்று முனைத் தூண்டில்கள் இந்த டிராக்கில் நிமிர்ந்துவிடும். தடித்த கம்பியில் செய்த ஒற்றை முள், அதற்கேற்ற இரட்டை வளையம், சுழலி என்று ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். நூலை மட்டும் எட்டாக்கிவிட்டு, பாப்பரோடு வந்த முள்ளை அப்படியே விட்டுவைத்தால், மீன் போவது முள்ளின் வழியாக இருக்கும்.

பிஇ 10 பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. தேவைப்படுகிறவருக்குத் தான் தேவைப்படுகிறவர் என்று தெரியும்.

பிஇ 5, 6: நடுவில் நிற்பது

சென்னைக்காரர் முதலில் ஒரே ஒரு செட் வாங்குவதாக இருந்தால் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். காரணம் நம் கடலில் மேலே மேயும் இரை. கவலை, நெத்திலி, கோலா, முரல் என்று எல்லாம் ஒல்லி. அவற்றைத் துரத்தும் கட்டாவும் சூரையும் ஷீலாவும் 40 முதல் 90 கிராம் வரையிலான மெலிந்த பாப்பரையும் ஸ்டிக்பெயிட்டையும் (வாய்க்குழி இல்லாத, குச்சி வடிவப் போலி இரையையும்)தான் விரும்பி அடிக்கின்றன. 150 கிராம் பாப்பர் தண்ணீரைக் கிழிக்கும்போது கட்டாக் கூட்டம் கலைந்துபோவதைத்தான் பார்க்கலாம். வஞ்சிரத்துக்குச் சத்தமே தேவையில்லை, வேகம்தான் தேவை.

காற்றும் ஒரு காரணம். நம் கரையில் முற்பகல் முடியும்போது கடல்காற்று ஏறிவிடும். தடித்த நூல் காற்றில் வில்லாக வளைந்து நிற்கும். ராடை இழுத்தால் முதலில் அந்த வளைவுதான் நிமிரும், பாப்பர் அரைகுறையாகத் தலையாட்டும். பிஇ 5-இல் இந்தத் தொல்லை கணிசமாகக் குறையும். அதோடு எட்டில் போவதைவிடப் பல மீட்டர் தூரம் கூடப் போகும். சூரைக் கூட்டம் படகைக் கண்டதும் அமுங்கும் இனம். அந்தக் கூடுதல் தூரம் அங்கே எல்லாமே.

பெரிய மீன் மாட்டினால்? ஒன்பது கிலோ டிராக் போட முடியும், 14000 அளவு ரீலில் பிஇ 5 என்றால் முந்நூறு மீட்டர் தாராளமாக இருக்கும். மணல் தரையில் கடல் விராலோ பெரும் பாரையோ எதுவானாலும் சமாளிக்கலாம். ஒரு மாதிரி தந்திரமான இடம், மூழ்கிய கப்பலுக்கு மேலே வீசும்போதுதான். அங்கே நூலின் வேலையைப் படகு செய்ய வேண்டும். மீன் மாட்டியதும் படகை ஆழமான, தடையில்லாத பக்கம் திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் மீனும் பின்னாலேயே இழுபட்டு வெளியே வரும். அந்தமானில் தூண்டில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். நம் ஊரில் படகோட்டுகிற அண்ணன் வலைக்காரர். வலையில் மீன் இருந்தால் இஞ்சினை நிறுத்துவதுதான் அவர் பழக்கம். 

"மீன் மாட்டினா இஞ்சினை அணைச்சிடட்டுமா சார்?"

"வேணாம்ண்ணா. ஓடிக்கிட்டே இருக்கட்டும். நான் கத்தினதும் கிழக்கால திருப்பி மெதுவா இழுங்க."

"மீனு அறுத்துக்கினு போவாதா?"

"நின்னாத்தான்ண்ணா அறுத்துக்கினு போவும்."

கரையை விட்டுக் கிளம்பும்போதே இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும். மீன் மாட்டிய பிறகு யாருக்கும் காது கேட்காது.

ஐந்தா ஆறா என்று கேட்டால், நூல் ஐந்து, ராடு ஆறு வரை தாங்குவது. பிஇ 4–6 என்றோ 5–6 என்றோ எழுதிய ராடு, 100 முதல் 120 கிராம் வரை வீசும் திறன். ராடின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையில் முக்கால் பங்குதான் அது சுகமாக வீசும் எடை. 120 கிராம் என்று எழுதிய ராடு 80, 90 கிராமில் அழகாக வேலை செய்யும். எழுதியிருக்கும் எண்ணையே வீசினால் வீசலாம், ஆனால் ராடு தொய்ந்துபோய்த் தூரம் குறையும்.

பிஇ 3, 4 செட் கட்டாவுக்கும் சிறு சூரைக்கும் குதூகலமான சாமான். 60 கிராம் வரை வீசலாம், கை வலிக்காது, பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ கொடுவாய்க்குப் போகிறவர்கள் ஏற்கெனவே பிஇ 2 வைத்திருப்பார்கள். அவர்கள் அடுத்த படியாக மூன்றை வாங்குவதைவிட நேராக ஐந்துக்குத் தாவுவது மேல். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் புதிதாக எந்த மீனும் கிடைக்கப்போவதில்லை.

ராடின் நீளமும் வளைவும்

எட்டடி இரண்டு அங்குலம் பாப்பிங் ராடு பார்க்கக் கம்பீரம். நீளம் கூடினால் வீச்சும் கூடும், பாப்பரை ஒரு இழுப்பில் அதிகத் தண்ணீர் கக்க வைக்கலாம். ஆனால் மேலே சொன்ன நெம்புகோலில் அந்த நீளம் மீனுக்குத்தான் சாதகம். நம் ஃபைபர் படகுகள் ஒடுக்கமானவை, விளிம்பு தாழ்வானது, வலையும் கயிறும் காலடியில் கிடக்கும். பின்னால் ஒருவர் இஞ்சின் பிடித்திருப்பார், நடுவில் நண்பர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். எட்டடி ராடைப் பின்னால் கொண்டுபோய் வீசும்போது, தொங்கும் முள் யார் காதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஏழடி ஆறு அங்குலம் முதல் ஏழடி பத்து அங்குலம் வரை இந்தப் படகுக்குப் பொருத்தம். அந்தமான் படகுகளில் முன்புறம் நின்று வீச மேடை இருக்கும். அங்கே எட்டடி சரி. கல் அணையில் நின்று வீசுகிறவருக்கு வேறு கணக்கு: ஒன்பது, ஒன்பதரை அடி, இல்லாவிட்டால் மீனைக் கற்களுக்கு மேலே தூக்கி வழிநடத்த முடியாது.

வளைவைப் பற்றி விற்பனைக்காரர்கள் சொல்லும் வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். பாப்பருக்கு நுனி கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும், இழுத்த வேகம் அப்படியே பாப்பரின் வாய்க்குழிக்குப் போய்ச் சேர வேண்டும். ஸ்டிக்பெயிட்டுக்கு நுனி இளகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தண்ணீரை விட்டுத் தெறித்து வெளியே குதிக்கும். ஒரே ராடு வாங்குகிறவர் சற்று இளகிய பக்கம் சாய்வது நல்லது. இளகிய நுனியில் சுமாராகவாவது பாப்பர் ஆடும். விறைத்த நுனியில் ஸ்டிக்பெயிட் ஆடவே ஆடாது. வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் ஸ்டிக்பெயிட்தான் அதிகம் பேசும் என்பதால் நமக்கு இது முக்கியம்.

கடையில் எல்லோரும் ராடின் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்க்கிறார்கள். கார்பன் ராடு உடைவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. நூலை வளையங்கள் வழியே கோத்து, நண்பர் ஒருவரைத் தரைப் பக்கம் நின்று இழுக்கச் சொல்லுங்கள். வளைவு நுனியில் தொடங்கி நடுப்பகுதி வரை வந்து, அடிப்பகுதி கையில் இறுகி நிற்க வேண்டும். நடுவில் எங்காவது சட்டென்று முட்டி மாதிரி மடங்கினால் வேண்டாம். அப்படியே வளையங்களையும் பாருங்கள். கனமான டிராக்குக்கு எல்லாமே இரட்டைக் கால் வளையங்களாக இருக்க வேண்டும். சாய்ந்த சட்டத்தோடு வரும் வளையங்கள் நூல் சுருக்கு மாட்டாமல் நழுவ விடும். உள்வளையத்தில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். ஓர் இழை மாட்டினாலும் அங்கே கீறல் இருக்கிறது என்று அர்த்தம்.

இணைப்பு விஷயத்தில் என் ஓட்டு அடிக்கட்டை தனியாகக் கழலும் ராடுக்கு. ஒற்றைத் துண்டு ராடு அருமைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது. விமானத்துக்கும் அதே சிக்கல். அடிக்கட்டை கழன்றாலும் மேல்துண்டு ஆறடியை ஒட்டியே இருக்கும். அந்தமான் போகிற எண்ணம் இருந்தால் டிக்கெட் எடுக்கும் விமான நிறுவனத்தின் நீள வரம்பைப் பார்த்துவிட்டு ராடு வாங்குங்கள், வாங்கிவிட்டுப் பார்க்காதீர்கள். சென்னையிலிருந்து கப்பலில் போகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை, இரண்டரை மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இருந்தால். மூன்று துண்டாகக் கழலும் பயண ராடுகளும் இப்போது பிஇ 8 வரை வருகின்றன. விலை கூட, ஆனால் பெட்டிக்குள் அடங்கும்.

இணையத்தில் வரவழைப்பதற்கு முன் மேல்துண்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். எனக்கு ஒரு ராடு நுனி வளையம் நசுங்கி வந்து சேர்ந்தது. விற்றவர் கூரியரைக் கை காட்டினார், கூரியர்காரர் விற்றவரைக் கை காட்டினார்.

அந்தமானுக்கு ஒரு தடவை மட்டும் போகிறவர்

இவர்தான் அதிகம் குழம்புகிறவர். வருடம் முழுக்கச் சென்னையில் மீன்பிடிப்பு, எப்போதாவது ஒரு முறை அந்தமான். இவருக்காகப் பிஇ 8 வாங்கி மீதி நாளெல்லாம் அதை அலமாரியில் வைப்பதில் அர்த்தமில்லை. அங்கே வெளிநாட்டவரை அழைத்துப் போகும் படகுக்காரர்கள் பலர் கனமான செட்டை வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே கேளுங்கள். ரீலில் நூல் எப்போது மாற்றியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வாடகை ராடு உழைத்துத் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, பழைய நூல் பரவாயில்லை என்று விடக்கூடாது. தன் பிஇ 5 செட்டையும் கூடவே எடுத்துப் போகலாம். பவள விளிம்பில் வாடகை எட்டு, நடுக்கடலில் சூரைக் கூட்டம் எழும்பினால் சொந்த ஐந்து.

அந்தமான் வருடா வருடம் என்று முடிவாகிவிட்டவர் இரண்டாவது செட்டாகப் பிஇ 8 வாங்கட்டும். முதல் செட்டில் ஓரிரு வருடம் வீசியவருக்குத் தன் தோள் எதைத் தாங்கும் என்று தெரிந்திருக்கும். அந்த அறிவோடு வாங்கும் எட்டு வீணாகாது.

ரீல் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. கையில் இருக்கும் பணத்தை ராடிலும் ரீலிலும் சரிபாதி பிரிக்காதீர்கள். ரீலுக்குக் கூடுதலாகப் போடுங்கள். நடுத்தர விலை ராடு பல வருடம் உழைக்கும். மலிவு ரீலின் டிராக் முதல் பெரிய மீனிலேயே திக்கித் திணறும், திணறும் ஒவ்வொரு முறையும் நூலுக்கு ஒரு வெட்டு. திரும்பி வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில், பீய்ச்சாமல் மென்மையாகக் கழுவ வேண்டும். ஈசிஆர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் தனியாக எடுத்து வையுங்கள்.

லீடரும் முடிச்சும்

மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை நரம்பின் தடித்த வகைதான் லீடர். பிஇ 3-க்கு 50, 60 பவுண்டு, பிஇ 5-க்கு 80 முதல் 100, எட்டுக்கு 150-க்கு மேல். பிரெய்டோடு இணைக்க எஃப்ஜி முடிச்சு. இருபது சுற்று, ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி இறுக்கமாக விழ வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. கடைசியில் எச்சில் தொட்டு, கையுறை போட்டு, இரண்டு பக்கமும் பலம்கொண்ட மட்டும் இழுத்தால் வெளிறிய நூல் லீடருக்குள் பதிந்து நிறம் இருளும். அந்த நிற மாற்றம் தெரியாவிட்டால் முடிச்சு இறுகவில்லை. இதை ஆடும் படகில் கற்றுக்கொள்ள முடியாது, வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டிப் பழக வேண்டும்.

பிஇ 8-இல் லீடர் தடிமனாக இருப்பதால் முடிச்சு வளையங்களுக்குள் போகாதபடி ஒன்றரை மீட்டருக்குள் வெட்டிக்கொள்வது நல்லது. பிஇ 3, 5-இல் கொஞ்சம் நீளமாக வைத்தாலும் முடிச்சு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஷீலாவும் வஞ்சிரமும் இருக்கும் இடத்தில் லீடரின் கடைசி ஓர் அடி பற்களிடம் மாட்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

டிராக்கை மட்டும் கையால் இழுத்துப் பார்த்து "சரியா இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். ஏழு கிலோ என்று நினைத்து இழுப்பது பெரும்பாலும் மூன்றரை நாலுதான் இருக்கும். பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தால் போதும். நூலை அதில் கட்டி, ராடை 45 டிகிரியில் பிடித்து, நண்பரை இழுக்கச் சொல்லி, நூல் கழலத் தொடங்கும் எண்ணைப் படியுங்கள். பிஇ 5-க்கு முதல் நாள் ஆறு கிலோ வையுங்கள். மீன் பிடித்துவிட்டு வீடு திரும்பியதும் டிராக் குமிழை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், அடுத்த முறை மறுபடி தராசு.